ஆங்கில அலுவலகக் கடிதம்: எந்த வரி எங்கே, ஏன் அங்கே

மின்னஞ்சல் எல்லா இடத்தையும் பிடித்துவிட்ட பிறகும் சில காரியங்கள் இன்னும் கடிதத்தில்தான் நடக்கின்றன. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது, நிலுவைப் பணத்துக்கான இறுதி அறிவிப்பு, பணி நியமனம், ராஜினாமா, வங்கிக்கோ தூதரகத்துக்கோ எழுத்தில் தரும் உறுதி. இவையெல்லாம் படித்ததும் மறந்துபோகும் காகிதங்கள் அல்ல, கோப்பில் தங்குபவை. சில வருடங்கள் கழித்து, எழுதியவரையும் தெரியாத, விவகாரமும் தெரியாத ஒருவர் அந்தத் தாளைக் கையில் எடுப்பார். யார் எழுதியது, யாருக்கு, எந்த நாளில், எதைப் பற்றி, கூடவே என்ன வைத்தார்கள், வேறு யாருக்கெல்லாம் போனது என்று அவருக்கு எழும் கேள்விகளுக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்க வேண்டும். ஆங்கிலக் கடிதத்தின் அமைப்பில் இருக்கும் ஒவ்வொரு வரியும் இவற்றில் ஏதோ ஒரு கேள்விக்கான பதில்தான்.

முதலில் தாளைச் சரிசெய்வோம். உலகின் பெரும்பகுதியில் ஏ4, அதாவது 210 × 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் லெட்டர் சைஸ், 8.5 × 11 அங்குலம். ஏ4 கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் உயரம். இணையத்தில் இறக்கிய மாதிரிக் கோப்பு லெட்டர் அளவில் இருந்து, பிரிண்டரில் ஏ4 தாள் இருந்தால், பிரிண்டர் தாள் கேட்டு நின்றுவிடும். இல்லையென்றால் பக்கத்தைச் சுருக்கி அச்சடித்து, முகவரி, உறையின் ஜன்னலுக்கு (முகவரி தெரிவதற்காக உறையில் விட்டிருக்கும் திறப்பு) வெளியே போய் நிற்கும். அதனால் தட்டச்சைத் தொடங்கும் முன்பே பேஜ் செட்டப்பில் தாளின் அளவைப் பார்த்துவிடுங்கள். நான்கு பக்கமும் 1 அங்குலம், அதாவது 2.54 செ.மீ. ஓரம். எழுத்து 11 அல்லது 12 பாயின்ட். டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கலிப்ரி, எதுவானாலும் சரி. கடிதம் முழுக்க ஒரே எழுத்துருவாக இருந்தால் போதும்.

வலது ஓரத்தை நேராக்க வேண்டாம். இரு பக்கமும் சீராக நிற்கும் பத்தி பார்க்க ஒழுங்காகத் தோன்றினாலும், சொற்களுக்கு நடுவே இடைவெளி கண்டபடி விரிந்து படிக்கும் கண்ணைத் தடுக்கும். இடது பக்கம் நேராக, வலது பக்கம் இயல்பாக விட்டுவிடுங்கள்.

வடிவங்கள் பல உண்டு. ஃபுல் பிளாக் என்பதில் தேதி முதல் கையொப்பம் வரை எல்லாமே இடது ஓரத்தில் தொடங்கும். பத்தியின் முதல் வரி உள்ளே தள்ளப்படாது. பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி மட்டும் இருக்கும். மாடிஃபைட் பிளாக்கில் தேதியும் முடிப்பும் ("யுவர்ஸ் சின்சியர்லி" போன்ற வரி) கையொப்பமும் தாளின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கும், மற்றவை இடதுபக்கம். செமி பிளாக்கில் இதோடு ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் அரை அங்குலம் உள்ளே போகும். விளிப்பும் ("டியர் மிஸ்டர் ஸ்மித்" போன்ற தொடக்க வரி) முடிப்பும் இல்லாமல், பொருள் வரியைப் பெரிய எழுத்தில் போட்டு நேரே விஷயத்துக்குப் போகும் எளிய வடிவம் ஒன்றும் அமெரிக்க அலுவலகப் பாடநூல்களில் உண்டு. பெறுபவர் யாரென்றே தெரியாத சுற்றறிக்கைகளுக்கு அது பொருந்தும். ஒரு மனிதருக்கு எழுதும்போது வறட்சியாக இருக்கும்.

உங்கள் நிறுவனத்துக்கென்று வழக்கம் எதுவும் இல்லையென்றால் ஃபுல் பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். டேப் விசையைத் தொடவே வேண்டியதில்லை, எந்தக் கணினியில் திறந்தாலும் குலையாது. மாடிஃபைட் பிளாக்கில் பலரும் ஸ்பேஸ் விசையைத் தட்டித் தட்டித் தேதியை நடுவுக்குக் கொண்டுபோவார்கள். எழுத்துரு மாறியதும் தேதி ஓரிடம், கையொப்பம் ஓரிடம் என்று சிதறிவிடும். அந்த வடிவம்தான் வேண்டுமென்றால் ரூலரில் ஒரு டேப் புள்ளி வைத்து, மூன்று இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

மேலிருந்து வருவோம். லெட்டர்ஹெட் இருந்தால் அனுப்புநர் முகவரி அதிலேயே இருக்கிறது, மறுபடி தட்டச்ச வேண்டாம். இல்லையென்றால் முகவரியை மட்டும் மேலே போடுங்கள். உங்கள் பெயர் அங்கே வராது; கையொப்பத்துக்குக் கீழேதான் வரும். "ஃப்ரம்", "டு" என்று தலைப்பிட்டு எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வணிகக் கடிதத்தில் அவை தேவையில்லை. இடமே சொல்லிவிடும்: தேதிக்கு மேலே இருப்பவர் அனுப்பியவர், கீழே இருப்பவர் பெறுபவர்.

அடுத்தது தேதி. இங்கேதான் மிக அதிகமான குழப்பம் பிறக்கிறது. 05/03/2025 என்று எழுதினால் பிரிட்டனில் மார்ச் 5, அமெரிக்காவில் மே 3. பதினைந்து நாள் அவகாசம் கொடுக்கும் கடிதத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மாதத்தை எப்போதும் எழுத்தில், சுருக்காமல் எழுதுங்கள். பிரிட்டிஷ் முறையில் "5 மார்ச் 2025", நடுவே காற்புள்ளி இல்லை. அமெரிக்க முறையில் "மார்ச் 5, 2025", நாளுக்குப் பின் காற்புள்ளி. அமெரிக்க முறைத் தேதி வாக்கியத்தின் நடுவில் வந்தால் வருடத்துக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணோடு "த்", "ஸ்ட்" என்று ஒட்டுவதை இரண்டு முறையிலும் தவிர்ப்பது நல்லது.

வேர்டில் தேதியைச் செருகும் பெட்டியில் "தானாகப் புதுப்பி" என்ற தேர்வு உண்டு. அது டிக் ஆகியிருந்தால் கோப்பை எப்போது திறந்தாலும் அன்றைய தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து நகல் தேவைப்படும்போது, அனுப்பிய நாள் எது என்று உங்கள் கோப்பே மாற்றிச் சொல்லும். கடிதத்தில் தேதியைக் கையால் தட்டச்சுவதே பாதுகாப்பு.

தேதிக்குக் கீழே பார்வை எண் வரலாம்: "அவர் ரெஃப்" (எங்கள் எண்), "யுவர் ரெஃப்" (உங்கள் எண்). எதிர்த்தரப்பு எண் கொடுத்திருந்தால் அதைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். பெரிய அலுவலகத்தில் கடிதத்தைப் பிரித்துக் கொடுப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். பதிவுத்தபாலில் போகிறது, அந்தரங்கமானது போன்ற குறிப்புகளுக்கும் இதுவே இடம். "வித்அவுட் ப்ரெஜுடிஸ்" என்ற சொல்லை மட்டும் கம்பீரத்துக்காகச் சேர்க்காதீர்கள். தகராறைச் சமரசமாகத் தீர்க்கப் பேசும் கடிதத்துக்கு உரிய சொல் அது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்களில் அப்படிப்பட்ட சமரசக் கடிதத்தைப் பொதுவாகச் சாட்சியமாகக் காட்ட முடியாது. பின்னாளில் "நான் எழுத்தில் கேட்டேன்" என்று காட்ட வேண்டிய கடிதத்தில் அதைப் போட்டால், வீணாக ஒரு வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள்.

பெறுநர் முகவரி தேதிக்குக் கீழே மூன்று வெற்று வரி விட்டுத் தொடங்கும். கடிதம் சிறியதென்றால் ஐந்தாறு வரிகூட விடலாம். பக்கத்தைச் சமநிலைப்படுத்த அமைப்பில் நெகிழும் ஒரே இடைவெளி இதுதான். பெயர், பதவி, துறை, நிறுவனம், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும். வெளிநாட்டுக்கு என்றால் கடைசி வரியில் நாட்டின் பெயர், பெரிய எழுத்தில். வரி முடிவில் காற்புள்ளி வேண்டாம். பெயருக்கு முன் மிஸ்டர், மிஸ், டாக்டர். திருமணமானவரா இல்லையா என்பது வணிகக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாதது என்பதால், பெண்களுக்கு "எம்", "எஸ்" என்ற இரண்டே எழுத்தில் எழுதும் "மிஸ்" எல்லாருக்கும் பொது. அவரே வேறொன்றை விரும்பிச் சொல்லியிருந்தால் அது. முன்னால் டாக்டர் போட்டால் பின்னால் பிஎச்.டி. போடக் கூடாது. ஒரு பட்டத்தை இருமுறை சொல்வதாகிவிடும்.

முகவரி வரிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது பலரைப் படுத்தும் பிரச்சினை. வேர்ட் 2013 முதல் ஒவ்வொரு பத்திக்கும் பின் 8 பாயின்ட் இடைவெளியையும் ஒன்றுக்குச் சற்று அதிகமான வரி உயரத்தையும் தானாகவே வைத்துக்கொண்டிருந்தது. என்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒரு புதுப் பத்தி என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. தீர்வு இரண்டு: "நோ ஸ்பேசிங்" என்ற ஸ்டைலைத் தேர்ந்துகொண்டு வெற்று வரிகளை நீங்களே போடுவது, அல்லது முகவரிக்குள் மட்டும் ஷிஃப்டோடு சேர்த்து என்டரை அழுத்துவது. முதல் வழிதான் கடிதத்துக்கு ஏற்றது. இங்கே சொல்லும் வெற்று வரிக் கணக்கெல்லாம் அதில்தான் சரியாக வரும்.

இனி விளிப்பும் முடிப்பும். இரண்டும் தாளின் இரு முனைகளில் இருந்தாலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. பிரிட்டிஷ் மரபில் பெயர் சொல்லி "டியர் மிஸ்டர் ஸ்மித்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி" என்று முடிய வேண்டும். பெயர் தெரியாமல் "டியர் சர் ஆர் மேடம்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி". இவற்றை மாற்றிப் போட்டால் கவனமாகப் படிப்பவர் கண்ணில் உடனே படும். அமெரிக்கர்களிடம் "ஃபெய்த்ஃபுல்லி" வழக்கில் இல்லை. இரண்டு நிலைக்கும் "சின்சியர்லி" அல்லது "சின்சியர்லி யுவர்ஸ்" போதும். எதுவானாலும் முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டுமே பெரியது. இரண்டாவது சொல் சிறிய எழுத்தில் தொடங்கும். "யுவர்ஸ்" என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி குறி போடுவது தவறு. இத்தனை வருடமாகியும் அந்தத் தவறு குறையவில்லை.

நிறுத்தக்குறிக்கும் இதே கட்டு உண்டு. அமெரிக்க வணிகக் கடிதத்தில் விளிப்புக்குப் பின் முக்காற்புள்ளி, முடிப்புக்குப் பின் காற்புள்ளி. பிரிட்டிஷ் முறையில் இரண்டுக்கும் காற்புள்ளி, அல்லது இரண்டுக்குமே எதுவும் இல்லை. பின்னதற்கு ஓபன் பங்சுவேஷன் என்று பெயர். அதில் மிஸ்டருக்குப் பின் புள்ளியும் கிடையாது. ஒன்றில் போட்டு மற்றொன்றில் விடுவதுதான் பிழை. ஆகவே கடிதத்தைத் தொடங்கும் முன்பே எந்த நாட்டு முறை என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். தேதியின் வடிவம், மிஸ்டருக்குப் பின் வரும் புள்ளி, விளிப்பின் குறி, முடிப்பின் சொல், "கலர்" போன்ற சொற்களின் ஸ்பெல்லிங் ஆகிய ஐந்தும் ஒரே முடிவிலிருந்து வர வேண்டும். வேர்டின் ப்ரூஃபிங் (பிழைதிருத்தும்) மொழியையும் அதற்கேற்ப பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க ஆங்கிலமாக மாற்றிவைத்தால் பாதி வேலை முடிந்தது. பெறுபவர் பழகிய முறை தெரிந்தால் அதையே எடுங்கள்.

"டியர் மிஸ்டர்" என்பதற்குப் பின் குடும்பப் பெயர்தான் வரும். "டியர் மிஸ்டர் ஜான்" என்று முதற்பெயரைப் போடுவது தவறு. பெயரில் எது குடும்பப் பெயர் என்று தெரியவில்லை, அல்லது அந்த வழக்கமே இல்லாத பெயர் என்றால் முழுப்பெயரை எழுதுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாதபோதும் அதுவே வழி: "டியர் அலெக்ஸ் ஸ்மித்", முன்னால் எதுவும் இல்லாமல். ஒரு நிமிடம் செலவழித்துப் பொறுப்பாளரின் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தால் "டியர் சர் ஆர் மேடம்" என்பதைத் தவிர்த்துவிடலாம். அதுவும் முடியாதபோது "டியர் ஹயரிங் மேனேஜர்" என்று பதவியைச் சொல்லி விளிப்பது நல்லது. "டு ஹூம் இட் மே கன்சர்ன்" என்பது யார் கையில் வேண்டுமானாலும் கொடுக்கும் சான்றிதழுக்கும் நற்சான்றுக்கும் உரியது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு எழுதும் கடிதத்தில் அதைப் போட்டால், இது என் வேலை இல்லை என்று ஒதுக்கிவைக்க அவருக்கு வசதியாகிவிடும். "ரெஸ்பெக்டட் சர்" வேண்டாம். "டியர்" என்ற சொல்லில் இங்கே நெருக்கமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை.

பொருள் வரி விளிப்புக்குக் கீழே, ஒரு வெற்று வரி விட்டு, தடித்த எழுத்தில். அடிக்கோடும் தடித்த எழுத்தும் பெரிய எழுத்தும் மூன்றும் சேர்ந்து வேண்டாம், ஒன்று போதும். "உங்கள் கவனத்துக்கு" என்பது போன்ற பொதுப்பேச்சு அங்கே பயன்படாது. இன்வாய்ஸ் எண், ஒப்பந்தத்தின் தேதி, கணக்கின் பெயர் என்று கோப்பைத் தேடி எடுக்க உதவும் ஏதாவது ஒன்று அந்த வரியில் இருக்க வேண்டும்.

உடலைப் பொறுத்தவரை, முதல் வாக்கியத்திலேயே காரணம் வரட்டும். நலம் விசாரிப்பு, தன் அறிமுகம், பின்னணி என்று சுற்றிவந்து மூன்றாம் பத்தியில் விஷயத்தைத் தொடும் கடிதங்கள் ஏராளம். படிப்பவர் முதல் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவெடுத்துவிடுவார். முதல் பத்தியில் என்ன வேண்டும், நடுவில் அதற்கான விவரம், கடைசியில் யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும். "விரைவில்" என்று எழுதினால் அது யாரையும் கட்டாது, தேதியைச் சொல்லுங்கள். பணத் தொகைக்கு முன்னால் நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சேர்ப்பது நல்லது, ஏனெனில் டாலர் குறியை வைத்திருக்கும் நாடுகள் ஒன்றுக்கு மேல். "கைண்ட்லி டு தி நீட்ஃபுல்" என்று எழுதுவதைவிட, வேண்டிய செயலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தொகையை இன்ன கணக்கில் செலுத்தவும், கையெழுத்திட்ட பிரதியைத் திருப்பி அனுப்பவும்.

தட்டச்சும்போது மென்பொருள் செய்யும் சில குறும்புகளைக் கவனியுங்கள். அடைப்புக்குறிக்குள் ஏ, பி, சி என்று உட்பிரிவு எழுதினால் மூன்றாவது மட்டும் காப்பிரைட் சின்னமாக மாறிவிடும். உடனே கண்ட்ரோல், இஸட் அழுத்தினால் பழையபடி வரும். மின்னஞ்சல் முகவரி நீல நிறத்தில் அடிக்கோட்டோடு மாறினால், அதன் மேல் வலது சொடுக்கு செய்து ஹைப்பர்லிங்க்கை நீக்குங்கள். "மிஸ்டர்" ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து நின்றால், நடுவில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நாளும் மாதமும் பிரியாமல் இருக்கவும் இதுவே.

முடிப்புக்குக் கீழே மூன்று வெற்று வரி, அந்த இடத்தில் மையால் கையொப்பம், அதற்குக் கீழே தட்டச்சிய பெயர், அடுத்த வரியில் பதவி. கையெழுத்துப் பெரியதென்றால் நான்கு வரி விடலாம். நிறுவனத்தின் சார்பில் எழுதினால் "ஃபார் அண்ட் ஆன் பிஹாஃப் ஆஃப்" என்று நிறுவனத்தின் பெயரைக் கையொப்பத்துக்கு மேலே தருவது வழக்கம். உங்களுக்கு அந்த அதிகாரம் இருந்தால் மட்டும் போடுங்கள். மேலதிகாரி இல்லாதபோது அவர் அனுமதியோடு நீங்கள் கையெழுத்திட்டால், தட்டச்சிய பெயர் அவருடையதாகவே இருக்கும். உங்கள் கையெழுத்தின் பக்கத்தில் "பி.பி." என்று எழுதுவீர்கள். அவர் கையெழுத்தைப் போலவே போட்டுவைப்பது ஒருபோதும் கூடாது.

அதற்கும் கீழே இரண்டு சிறிய வரிகள். பலர் விட்டுவிடும் வரிகள், ஆனால் கோப்பைத் திறப்பவருக்கு மிகவும் பயன்படுபவை. ஒன்று "என்க்." என்ற இணைப்பு வரி. எண்ணிக்கையை மட்டும் தருவதைவிட ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுவதே மேல். "அந்த ரசீது எனக்கு வரவில்லை" என்று யாராவது சொன்னால் இந்த வரி பேசும். உறையை ஒட்டும் முன் சரிபார்க்கவும் உதவும். மற்றொன்று "சி.சி." என்ற நகல் வரி. யாருக்கெல்லாம் நகல் போகிறது என்பது பெறுபவருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்கு நகல் போவது பெறுபவருக்குத் தெரியக் கூடாதென்றால் "பி.சி.சி." வரியை அந்த ஒருவருக்குப் போகும் பிரதியிலும் உங்கள் கோப்புப் பிரதியிலும் மட்டும் போடுங்கள், மூலக் கடிதத்தில் வராது.

மொத்த அடுக்கும் ஃபுல் பிளாக்கில் இப்படி நிற்கும்:

லெட்டர்ஹெட் அல்லது அனுப்புநர் முகவரி
(ஒரு வெற்று வரி)
தேதி
பார்வை எண்
(மூன்று வெற்று வரி)
பெறுநர் பெயர், பதவி, நிறுவனம், முகவரி
(ஒன்று)
விளிப்பு
(ஒன்று)
பொருள்
(ஒன்று)
உடல், பத்திகளுக்கு நடுவே ஒவ்வொரு வெற்று வரி
(ஒன்று)
முடிப்பு
(மூன்று)
பெயர், பதவி
(ஒன்று)
இணைப்பு, நகல்

இரண்டாம் பக்கம் போனால் அதற்கு லெட்டர்ஹெட் தாள் வேண்டாம், அதே தரமுள்ள வெற்றுத் தாள் போதும். மேலே பெறுபவர் பெயர், பக்க எண், தேதி. தாள்கள் பிரிந்து விழுந்தாலும் எதோடு சேர்ந்தது என்று தெரியும். முடிப்பும் கையொப்பமும் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடலிலிருந்து குறைந்தது இரண்டு வரியாவது கூட இருக்க வேண்டும். வெறும் கையெழுத்துத் தாளை எந்தக் கடிதத்தோடும் சேர்த்துவிட முடியும் என்பதால் இது பாதுகாப்புக்கும் தேவை. இரண்டே வரி மிஞ்சுகிறதென்றால் தேதிக்குக் கீழுள்ள இடைவெளியைக் குறைத்து ஒரே பக்கத்தில் அடக்கப் பாருங்கள். எழுத்தை 10 பாயின்டுக்குக் கீழே இறக்காதீர்கள்.

மின்னஞ்சலில் அனுப்புவதானால் வேர்ட் கோப்பாக வேண்டாம், பி.டி.எஃப். ஆக்குங்கள். எழுத்துருவும் வரிப்பிளவும் மாறாது. பழைய கோப்பைத் திருத்தி எழுதியிருந்தால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் வேறொருவர் பெயர் ஆசிரியராக இருக்கும், தலைப்பு வேறெதற்கோ உரியதாக இருக்கும். மாற்றும் முன் பார்த்துவிடுங்கள். கோப்பின் பெயரை 2025-03-05 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் தொடங்கினால் எல்லாக் கடிதமும் கால வரிசையில் தானாக அடுக்கப்படும். மின்னஞ்சலின் உடலில் இரண்டு மூன்று வரி போதும், கடிதத்தை அங்கே மறுபடி ஒட்ட வேண்டாம்.

தபாலில் போகும் கடிதத்தை ஏ4 தாளில் மூன்றாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் 99 மி.மீ. அது 110 × 220 மி.மீ. அளவுள்ள டி.எல். உறையில் சரியாக அமரும். லெட்டர் தாளுக்கு நம்பர் 10 உறை. கீழ்ப்பகுதியை முதலில் மேலே மடித்து, மேல்பகுதியை அதன்மேல் கொண்டுவந்து, ஓரத்தில் ஒரு விரல்நகம் நுழையும் இடைவெளி விடுங்கள், பிரிப்பவருக்கு எளிது. ஜன்னல் வைத்த உறைக்கு இந்த மடிப்பு ஒத்துவராது, மேல்பகுதியைப் பின்பக்கமாக மடித்து முகவரி வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். வைத்த பிறகு உறையை இடமும் வலமும் தட்டிப் பாருங்கள். தாள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஜன்னலில் முகவரி முழுதாகத் தெரிய வேண்டும். கணக்கு எண்ணோ பொருள் வரியோ ஒரு சொல்கூட எட்டிப்பார்க்கக் கூடாது.